இரண்டு மூட்டையும் ஆறு கிலோவும்

பெண்கள் வயதைச் சொல்ல மாட்டார்கள் என்பார்கள். நான் கேட்டவர்களுக்கெல்லாம் வயதைச் சொல்லிவிடுவேன். எடையை மட்டும் யாரிடமும் நானாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காரிமங்கலம் சந்தைக்கு வந்த அத்தனை பேருக்கும் அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டுவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கிராம சேவிகாவாக இருந்தேன். கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களுக்குச் சத்தான சமையல், குழந்தை வளர்ப்பு, சுகாதாரம் எல்லாம் சொல்லிக் கொடுக்கும் வேலை. என் பெயர் ஆரோக்கியமேரி. (சிரிக்காதீர்கள். ஞானஸ்நானத்தின்போது சாமியார் என் பிற்காலத்தைப் பார்த்தா பெயர் வைத்தார்?)

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொஞ்சம் மானாவாரி நிலம். மழை வந்தால் ராகி, வராவிட்டால் ஜெபமாலை. அப்படிப்பட்ட ஊரில் குண்டாக இருப்பது ஓர் அபூர்வத் தகுதி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்குப் பெருமை தாங்காது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது என்னை முன்னால் நடக்கவிட்டுத்தான் பின்னால் வருவார். தான் வளர்த்த பயிரை நாலு பேருக்குக் காட்டும் விவசாயியின் நடை அது.

ஆனால் வேலையில் சேர்ந்தபோது நான் அவ்வளவு குண்டில்லை. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன், அவ்வளவுதான். மீதியைச் சேர்த்தது அரசாங்கம்.

இதை விளக்கியாக வேண்டும். எங்களுக்குப் பால் பவுடர், எண்ணெய், பயறு, வெல்லம் எல்லாம் அலுவலகத்தில் கொடுப்பார்கள். அவற்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போய், மரத்தடியில் அடுப்பு மூட்டி, பெண்கள் முன்னால் சத்துருண்டையோ கீரைக் கூட்டோ சமைத்துக் காட்ட வேண்டும். சமைத்து முடித்ததும் ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். "நீங்க மொதல்ல தின்னுங்க சேவிகாம்மா, நாங்க பாக்கறோம்" என்பார்கள். அரசாங்கம் எதையாவது கலந்து கொடுத்துவிடுமோ என்று பயம். நான் ஓர் உருண்டை தின்பேன். அவர்கள் பார்ப்பார்கள். இன்னொன்று தின்பேன். இன்னும் பார்ப்பார்கள். நான் மயங்கி விழவில்லை என்று உறுதியாவதற்குள் பாதிப் பாத்திரம் காலியாகியிருக்கும். வாரத்துக்கு ஆறு கிராமம். இரண்டு வருடம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

(அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைப் போண்டாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பையும், மாம்பழ மாதங்களில் நடந்ததையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் வாதம் பலவீனமாகிவிடும்.)

இந்த நிலையில்தான் புதிய ஆணையாளர் வந்தார். வேட்டி காயப்போடும் கொடிக்கம்பு மாதிரி உருவம். காலையில் ஏரிக்கரை முழுக்க நடந்துவிட்டு வருவார். மதியத்துக்கு ஒரு டம்ளர் மோர். முதல் கூட்டத்திலேயே, "தன் உடம்பையே கட்டுப்படுத்தத் தெரியாதவங்க ஊருக்கு எப்படிங்க புத்தி சொல்ல முடியும்?" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் அறையிலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு மெமோ வந்தது. 'தங்கள் உடல் பருமன் களப்பணிக்கு இடையூறாக இருப்பதாகத் தெரியவருகிறது. தங்கள் தகுதிகாண் பருவத்தை ஏன் நீட்டிக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.' வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. படித்ததும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தில் என் கையெழுத்து மிக அழகாக இருக்கும். மூன்று முழுத்தாள்களில் விளக்கம் எழுதினேன். சுற்றுப்பயணக் குறிப்பேட்டைப் பார்த்து, எந்த ஊரில் எத்தனை உருண்டை தின்றேன் என்று அட்டவணை போட்டேன். கடைசியில் இப்படி முடித்தேன்: 'ஆகவே மேற்படி எடையில் ஒரு பகுதிக்கு மட்டுமே நான் பொறுப்பு. மீதி அரசுப் பணியின் நிமித்தம் சேர்ந்தது என்பதால், அதைக் குறைக்கும் பொறுப்பும் அரசையே சாரும்.'

ஆணையாளர் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உடம்பு யாருதும்மா?"

"என்னுதுதான் சார்."

"அப்ப பாத்துக்க வேண்டியது நீங்கதான? அரசாங்கம் வந்து உங்க வாய மூடுமா?"

"மூட வேணாம் சார். தெறக்கச் சொல்லாம இருந்தா போதும்."

வாசலில் நின்றிருந்த குமாஸ்தா இருமுவதுபோல் நடித்தார். ஆணையாளர் விளக்கத்தை மடித்து மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினார். "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் தூக்கமில்லை. (பசி மட்டும் வழக்கம்போல் இருந்தது.)

அடுத்த சந்தை நாளில் எங்கள் ஒன்றியத்தின் சார்பில் சத்துணவுக் கண்காட்சி. சந்தைத் திடலின் ஓரத்தில் பந்தல் போட்டு, குழந்தைகளை எடைபோட்டு, இளைத்த குழந்தைகளுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு. சுகாதார நிலையத்திலிருந்து எடை மிஷினும் டாக்டரம்மாவும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். வழியில் விழுந்த குலுக்கலில் டாக்டரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஷினின் முள்தான் நகராமல் நின்றுவிட்டது. கடைசியில் பக்கத்தில் கடலைக்காய் மண்டி வைத்திருந்த முனுசாமி தன் மூட்டைத் தராசைக் கொண்டுவந்து போட்டார்.

பந்தலைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். இடுப்பில் குழந்தைகள். நான் மைக்கைப் பிடித்துப் பேசினேன். ராகியின் பெருமை, கீரையின் பெருமை, அளவோடு உண்பதன் பெருமை. "நம்ம ஒடம்ப நாமதாங்க பாத்துக்கணும்" என்று ஆணையாளர் காதில் விழும்படி வேறு சொல்லி வைத்தேன். தகுதிகாண் பருவம் பெரிய விஷயம் இல்லையா? பேசி முடித்தும் ஒருவரும் தராசுப் பக்கம் வரவில்லை.

"புள்ளைய எட போட்டா கண்ணு பட்டுடும்ங்க" என்றாள் முன்னால் நின்ற சின்னப்பாப்பா. ஏற்கெனவே என்னைத் தெரிந்தவள். அவள் ஊரில் நான் நிறைய உருண்டைகள் தின்றிருக்கிறேன். "மூட்டையப் போடற தராசுல மனுசன ஏத்துவாங்களா? நீங்க ஏறுங்க சேவிகாம்மா, அப்பறம் பாக்கலாம்."

கூட்டம் முழுக்க, "ஆமாங்க, ஏறுங்க" என்றது. ஆணையாளர் என் பக்கம் குனிந்து, "ஏறிடுங்க. வேற வழியில்ல" என்றார்.

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. கையில் மைக் இருப்பதையும் மறந்து, "மொதல்ல நீங்க ஏறுங்க சார்" என்றேன். அது சந்தை முழுவதும் கேட்டது. மாட்டுத் தரகர்கள் விலை பேசத் துண்டுக்குள் விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். ஆணையாளருக்கு வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

முனுசாமிக்குத் தராசில் எது ஏறினாலும் உரக்கச் சொல்லித்தான் பழக்கம். அதுவும் எடை நாற்பது கிலோ கடலைக்காய் மூட்டைக் கணக்கில்தான் வரும். "ஒரு மூட்ட, ஏழு கிலோ!" என்று கத்தினார். நான் மைக்கைக் கீழே இறக்கவில்லை என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டரம்மா, "சார், உங்க உயரத்துக்கு இது ரொம்பக் கம்மி. உங்களுக்கும் ஒரு மெமோ குடுக்கணும்" என்றார். அதுவும் மைக்கில் போனது.

அடுத்தது நான். மைக்கைக் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பொறுப்பாக முனுசாமியின் வாய்க்கு நேரே பிடித்தார். ஏறினேன். முனுசாமி ஓர் எடைக்கல்லை வைத்தார். இன்னொன்று வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மண்டிக்கு ஆள் அனுப்பி மேலும் கற்கள் கொண்டுவரச் சொன்னார். அவை வந்து சேரும்வரை அந்தத் தராசின் மேல் நான் சிலைபோல் நின்றேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் கிருஷ்ணகிரி பஸ் நின்றது. ஜன்னலுக்கு ஒரு தலை.

"ரெண்டு மூட்ட, ஆறு கிலோ!" என்றார் முனுசாமி. பிறகு, நல்ல சரக்கைப் பாராட்டும் வியாபாரியின் மனம் நிறைந்த குரலில், "கழிவே இல்லீங்க!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பந்தல் அதிர்ந்தது. பூமி பிளக்கவில்லை. (இரண்டு மூட்டை ஆறு கிலோவைத் தாங்கிய பூமி, அவ்வளவு சுலபமாகப் பிளக்காது.) இறங்கி எங்கே ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னப்பாப்பா சிரிப்பில் வந்த கண்ணீரை முந்தானையால் துடைத்தபடி முன்னால் வந்தாள். "அந்தம்மாளே ஏறிட்டாங்க. நமக்கென்னாடி வெக்கம்? தள்ளுங்க!" என்று தன் மகனைத் தூக்கித் தராசில் நிறுத்தினாள்.

மூன்று வயதுப் பையன். முனுசாமி பெரிய கற்களை எல்லாம் எடுத்துவிட்டுச் சின்னக் கற்களைத் தேடினார். இந்த முறை அவர் கத்தவில்லை. மைக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு, டாக்டரம்மாவிடம் மெல்ல, "ஒம்பது கிலோங்க" என்றார்.

அதற்குப் பின்னால் வரிசை நீண்டது. குழந்தைக்கு அடுத்து குழந்தை. எல்லாம் எட்டு, ஒன்பது, பத்து. நான்தான் பதிவேட்டில் எழுதினேன். சின்னப்பாப்பாவின் ஊரில் நான் தின்ற உருண்டைகளின் எண்ணிக்கை என் விளக்கத்தின் இரண்டாம் பக்கத்தில், என் அழகான கையெழுத்திலேயே இருந்தது நினைவுக்கு வந்தது. சந்தையே சிரித்தபோது வந்ததைவிடப் பெரிய வெட்கம் அப்போதுதான் வந்தது.

மாலையில் கூட்டம் கலைந்ததும் ஆணையாளரிடம் போனேன்.

"சார், என் வெளக்கத்துல ஒரு தப்பு. போண்டாவச் சேக்கல."

"தெரியும். நானும் அதே டீக்கடைக்கு எதிர்லதான உக்காந்திருக்கேன்?" என்றவர், காலித் தராசின் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க சொன்னதும் தப்பில்லம்மா. சமைச்சுக் காட்டச் சொன்னோம். யாரு தின்னாங்கன்னு நாங்க ஒரு நாளும் கேக்கல."

அங்கேயே உட்கார்ந்து பேசி முடித்தோம். அரசாங்கத்தின் பங்கு: இனிமேல் பொருளை ஊர்ப் பெண்களிடமே கொடுத்து, அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில், அவர்கள் கையாலேயே சமைக்க வைப்பது. தங்கள் கையால் செய்ததற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். குழந்தைகள் தின்ற பிறகுதான் சேவிகாவுக்கு ருசி பார்க்க ஒரு கரண்டி. என் பங்கு: நடந்து போகக்கூடிய ஊர்களுக்கு ஜீப் கேட்பதில்லை. "போண்டா?" என்றார். "அது என் சொந்த விவகாரம் சார், நானே பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன், முக்கால்வாசி நாள்.

மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானது. கோப்பில் ஆணையாளர் எழுதியிருந்ததைக் குமாஸ்தா எனக்குக் காட்டினார். 'விளக்கம் ஏற்கப்பட்டது. இதில் அலுவலருக்கும் அலுவலகத்துக்கும் பொறுப்பு உண்டு.' அரசாங்கம் தன் பங்கை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதை வாங்கியவள் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் இரண்டு அங்குலம் உயரமாகிவிடுகிறேன். அடுத்த வருடம் சின்னப்பாப்பாவின் மகன் தராசில் ஏறியபோது முனுசாமி மறுபடியும் உரக்கக் கத்தினார். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்னும் இரண்டு அங்குலம்.

கண்காட்சி நடந்த அன்று நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி முந்தைய பஸ்ஸில் போய்விட்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "ரெண்டு மூட்டையா? மழையே இல்லாத சீமையில ஒத்த ஆளா நின்னு வளத்தனே, மாதாவே!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். கைகள் முதுகுப் பக்கம் எட்டவில்லை. பெருமை எட்டியது.

சில மாதம் கழித்து கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கடலைக்காய் விற்க வந்து, அன்று சந்தையில் நின்றவராம். அவருடைய அப்பா தயங்கித் தயங்கி, "பொண்ணு கொஞ்சம்..." என்று இழுத்தபோது, மாப்பிள்ளையே குறுக்கிட்டு, "எனக்கு எல்லாம் தெரியும்ங்கப்பா. ஆபீசரையே தராசுல ஏத்துன பொண்ணு" என்றார். அதற்கு மேல் பேச்சு எதுவும் இருக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் பத்துப் பதினைந்து வருடம் ஊர் ஊராக நடந்தேன். வெயிலிலும் மேட்டிலும் நடந்து நடந்து அறுபது கிலோவுக்கு வந்து நின்றேன். வீட்டுக்கு உறவினர் யார் வந்தாலும், பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, என் கணவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்:

"எங்கிட்ட குடுத்தப்ப முழுசா ரெண்டு மூட்ட. இப்ப பாருங்க, ஒன்னரதான் இருக்குது. மீதி அர மூட்டைய என்னா பண்ணீங்கன்னு கேட்டு அரசாங்கத்துக்கு ஒரு மெமோ போடணும்ங்க."