உட்கார நேரமில்லாத தடுப்பாளர்கள்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம், தலைமைப் பயிற்சியாளர் டக்கர் ஸ்லோனின் 'மின்னல் ஆட்டம்'. ஓக்லஹோமாவின் சால்ட் ஃபோர்க் பல்கலைக்கழகத்தில் இதை மறுத்துப் பேசினால் பார்க்கிங் அனுமதி கிடைக்காது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் வீரர்கள் வட்டமாகக் கூடித் திட்டம் பேசிக்கொள்வது வழக்கம். ஸ்லோன் அதை ஒழித்தார். கூடிப் பேசுவது கோழைத்தனமாம். மைதான ஓரத்தில் துணைப் பயிற்சியாளர் பசுமாடு, வாணலி, கிறிஸ்துமஸ் தாத்தா படங்கள் ஒட்டிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்; ஒவ்வொரு படமும் ஒரு திட்டத்துக்குச் சங்கேதம், பார்த்ததும் பாய வேண்டும்.

இந்த மகத்தான கண்டுபிடிப்பால் அவதிப்பட்ட ஒரே பிற்போக்குவாதி வெண்டல் கிராடி. தடுப்புப் பிரிவின் பயிற்சியாளர். ஸ்லோனின் தாக்குதல் பிரிவு ஆடும் நேரம்தான் வெண்டலின் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரம். தாக்குதல் பிரிவோ, புள்ளி எடுத்தாலும் சரி, பந்தைப் பறிகொடுத்தாலும் சரி, கண்ணை மூடித் திறப்பதற்குள் காரியத்தை முடித்துத் திரும்பிவிடும். எதிரணிக்காரர்கள் மட்டும் பந்தை வைத்துக்கொண்டு ஆற அமர ஆடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலோசனைக் கூட்டத்தில் வெண்டல் எழுந்து நின்றார்.

"கோச், நம்ம தாக்குற பசங்க கொஞ்சம் மூச்சு விட்டு ஆடினாங்கன்னா..."

"எதிராளி களைச்சுப் போகணும் வெண்டல். அதுக்குத்தானே வேகம்!"

"களைக்கறது நம்ம பசங்கதான் கோச்."

"நம்ம பசங்க எப்படிய்யா களைப்பாங்க? அவங்க நம்ம அணியாச்சே!"

இந்த வாதத்தின் கூர்மையை வியந்து கூட்டம் கைதட்டியது. நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுப்பது ஸ்லோனின் பிரிவு. நாட்டிலேயே அதிகப் புள்ளி கொடுப்பது வெண்டலின் பிரிவு. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று அங்கே யாரும் அநாகரிகமாக யோசிக்கவில்லை.

"வர்ற சனிக்கிழமையும் இப்படியே போச்சுன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்," என்றார் ஸ்லோன், பரிவோடு.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, எல்லா அணிகளும் செய்கிற, எந்த அணியும் ஒப்புக்கொள்ளாத வித்தையை வெண்டல் கையிலெடுத்தார். யாராவது அடிபட்டு விழுந்தால் ஆட்டம் நிற்கும். நின்றால் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கலாம். ஆகவே, வெண்டல் தொப்பியைத் தொட்டதும் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும்.

தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் மலைபோன்ற கோர்டெலுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "எங்கம்மா சர்ச்சுல பாடுறவங்க கோச். டிவியில வேற பாப்பாங்க. பொய்யா விழச் சொல்றீங்களே?"

"பொய்யின்னு ஏன்டா நினைக்கிற? எப்படியும் விழப்போற, கொஞ்சம் முன்கூட்டியே விழுறதா நினைச்சுக்கோ."

சனிக்கிழமை, செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் பாதியில் தடுப்பாளர்கள் வரிசையாக விழுந்தார்கள். உள்ளூர் ரசிகர்கள் புகையில் வாட்டிய மாட்டிறைச்சியைக் கடித்துக்கொண்டே இந்த 'நடிப்புக் கலை'யைப் போற்றி விசிலடித்தார்கள். ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் ஸ்லோனின் பிரிவு உள்ளே போனது, பசுமாட்டைப் பார்த்தது, பாய்ந்தது, பந்தைத் தொலைத்தது, திரும்பி வந்தது.

"கோச், பாட்டில் மூடியே இப்பதான் திறந்தேன்!" என்றான் கோர்டெல்.

"மூடி வச்சுட்டு ஓடுடா!"

ஓடினான். சிறிது நேரத்தில் விழுந்தான்.

"அடேயப்பா, என்னமா விழுறான் பாரு!" என்று அரங்கமே ஆர்ப்பரித்தது. முதலுதவிக்காரர் சூயிங்கம் மென்றபடி நிதானமாகக் கிளம்பினார். வெண்டலும் பெருமையாகச் சிரித்தார். அப்புறம்தான் தன் இரண்டு கைகளும் பேண்ட் பைக்குள் இருப்பதைக் கவனித்தார். அவர் தொப்பியைத் தொடவே இல்லை.

மைதானத்துக்குள் ஓடினார். கோர்டெலின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் எங்கோ சொருகியிருந்தது.

"ஐஸ் கொண்டாங்கய்யா! இது நெஜம்! நெஜமா விழுந்துட்டான்!"

யாரும் நம்பவில்லை. நம்பாமலிருக்க நாம்தானே அவர்களைப் பழக்கிவிட்டோம் என்று நினைத்தபோது வெண்டலுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஓரத்திலிருந்து ஸ்லோன் கத்தினார்: "சட்டுன்னு தூக்குங்கப்பா, ஆட்டத்தோட வேகமே கெடுது!"

சால்ட் ஃபோர்க் ஐம்பத்தொன்பது புள்ளி எடுத்து, அறுபத்திரண்டு கொடுத்துத் தோற்றது. தாக்குதல் பிரிவு தன் கடமையைச் செய்ததென்றும், தடுப்பாளர்களிடம் 'தாக்குப்பிடிக்கும் பண்பாடு' இல்லையென்றும் நிருபர்களிடம் ஸ்லோன் வருந்தினார். அந்தப் பண்பாட்டுக் குறைவுக்காக வெண்டலை அன்றே வேலையிலிருந்து நீக்கினார். பல்கலைக்கழகம் ஸ்லோனின் ஒப்பந்தத்தை நீட்டித்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கோர்டெல் கண் திறந்தான். பக்கத்தில் வெண்டல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சோமா கோச்?"

"இல்லப்பா. ஆனா ரொம்ப வேகமா தோத்தோம்."

"கோச் ஸ்லோன் வந்தாரா?"

"வந்தாரே. உன் கையப் புடிச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டாரு. உடனே கிளம்பிட்டாரு."

"நான் முழிக்கற வரைக்கும்கூட இருக்கலையா?"

வெண்டல் அவன் போர்வையை இழுத்துவிட்டார். "அவரு வந்த வேலை எப்பவுமே சட்டுன்னு முடிஞ்சிரும் மகனே. மிச்ச நேரம் பூரா கெடந்து படுறதுக்குத்தானே நம்மள வச்சிருக்காங்க."