வலது பாக்கெட்டில் இருபத்தொரு பட்டன்

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இரண்டு முழங்கால்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது உளறுவேன், அதனால் எழுதுகிறேன். அடுத்த மாத மாரத்தானிலிருந்து என் பெயரை மட்டும் எடுத்துவிடு.

போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள், குளுக்கோஸ் ஸ்டாண்டை நான் தள்ள, நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக எண்ணியபடி நடந்தாய். ஏழாவது கதவில் மூச்சு வாங்க நின்று, "அண்ணா, இப்படியே நாப்பத்திரண்டு கிலோமீட்டர் போயிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாய். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, "நீ எழுந்து வா, ரெண்டு பேரும் ஓடியே காட்டலாம்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். நீ எழுந்து வந்துவிட்டாய். இப்போது முப்பது கிலோமீட்டர் ஓடுகிறாயாம். மாட்டிக்கொண்டவன் நான்.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. நாலு மாதமாக விடியற்காலையில் எழுந்து ஏரியைச் சுற்றுகிறேன், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், நீ அனுப்பிய ஓட்டக் கடிகாரம் நான் தையல் மெஷினில் உட்கார்ந்து மிதித்துப் பேன்ட் தைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டதாகப் பாராட்டியது, அன்றே அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய கைக்கடிகாரத்துக்கும் என் தொழிலுக்கும் திரும்பிவிட்டேன். அதாவது, சட்டைப் பட்டன் ஒரு கைப்பிடி அள்ளி இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை எடுத்து வலது பாக்கெட்டில் போடுவேன், வீட்டுக்கு வந்து வலது பாக்கெட்டை எண்ணினால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். இதற்காகவே நானே ஒரு டவுசர் தைத்தேன். முதல் மாதம் ஒன்றரை மணி நேரத்தில் பத்துப் பட்டன். மூன்றாம் மாதம் அதே ஒன்றரை மணி நேரத்துக்கு எட்டுதான். ஓட ஓட வேகம் குறைகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டர், "வயசாகுதுல்ல" என்றார். ஷூ கடைக்காரர் ஷூவை மாற்றச் சொன்னார். உன் அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சோற்றைக் குறைத்தாள். வேகம் குறைந்தது எனக்கு மட்டுமல்ல, முன்பெல்லாம் என்னைத் தாண்டிப் பறக்கும் பாங்க் மேனேஜரைக்கூட இப்போது தினமும் நான் தாண்டுகிறேன். பாவம், அவர் உடம்பு என்னைவிட மோசமாகிவிட்டது போலிருக்கிறது. ஒரே ஆறுதல் தொழில்தான். இந்த மாதம் பட்டன் டப்பா இரண்டு முறை காலியாகிவிட்டது, அவ்வளவு சட்டை தைத்திருக்கிறேன் போல.

போன ஞாயிறு நாலு மணி நேரம் விடாமல் ஓடினேன். எண்ணினால் இருபத்தொன்று. இந்த லட்சணத்தில் முழுத் தூரத்துக்கு எட்டு மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரம் ஆனதும் பின்தங்கியவர்களை வேனில் ஏற்றிவிடுவார்களாம். நீ என்னை விட்டுவிட்டு ஓட மாட்டாய், அது எனக்குத் தெரியும். கதவு கதவாக நடந்து வந்தவளை அந்த வேனில் ஏற்ற நான் காரணமாக இருக்க மாட்டேன். நீ ஓடு. நான் எல்லைக் கோட்டில் துண்டோடு நிற்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். நோய்நொடி இல்லாமல், கால் வலிகூட இல்லாமல், நீ நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உட்கார்ந்தே பிழைக்கும் உன் அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில், ஏரிப் பாதையைப் பெருக்கும் அம்மா கடைக்கு வந்து ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். "அங்க ஓடுற தையல்காரர் நீங்க ஒருத்தர்தானே? ஞாயித்துக்கிழமை பெருக்கினப்ப வழியெல்லாம் கிடந்துச்சு." பிரித்து எண்ணினேன். பதினொரு பட்டன். உன் அண்ணி உள்ளே போய் டவுசரை எடுத்து வந்து வலது பாக்கெட்டில் விரலை விட்டாள். விரல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. "ஊர்ல எல்லாருக்கும் பாக்கெட் தைக்கிறீங்க" என்றாள். அதற்குமேல் சிரிப்பு அவளைப் பேசவிடவில்லை.

அப்படியானால் நாலு மணி நேரத்தில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். முழுத் தூரத்துக்கு ஐந்தேகால் மணி நேரம் போதும். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, என் பெயரை எடுக்காதே. பாக்கெட் ஓட்டையை உன் அண்ணி இரட்டைத் தையல் போட்டு அடைத்துவிட்டாள், என்னைத் தொடவே விடவில்லை. நாற்பத்திரண்டு பட்டன் எண்ணி வைத்திருக்கிறேன். கடைசிப் பட்டனை நீதான் போட வேண்டும்.