நோய் வராத குற்றம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த கல்மேட்டில் மஹ்பூபி இருநூறு சோற்றுக் கற்றாழை வளர்த்துவந்தாள். வளர்த்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். அவள் தண்ணீர் ஊற்றியதில்லை. அவை செத்ததும் இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிக் கை வெந்தவர்கள் அவளிடம் வருவார்கள். மடலைக் கீறி, சோற்றைத் தடவி அனுப்புவாள். அதில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஓர் உத்தரவு வந்தது. நோய் எதிர்ப்புச் சக்திக்குச் சான்றிதழ் பெறாத மூலிகையை இனி யாரும் விற்கலாகாது. காரணம், கணியம்பாடிப் பக்கம் சர்க்கார் தோட்டத்தில் ஆயிரம் கற்றாழைகள் வேரழுகிப் போயிருந்தன. விதிப்படி இரண்டு வேளையும், மழை நாளில் குடை பிடித்துக்கொண்டும், தண்ணீர் ஊற்றப்பட்டது ஊர்ஜிதமானதால், தவறு செடிகளுடையதே என்று விசாரணையில் முடிவாயிற்று.

சான்றிதழ் தரும் அதிகாரி பரந்தாமன் கல்மேட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். பாறைமேல் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"இதுக்கு இதுவரைக்கும் இன்னா நோய் வந்துச்சும்மா?"

"ஒண்ணும் வர்ல சார்," என்றாள் மஹ்பூபி பெருமையாக.

அவர் பேனாவை மூடினார். "வராத நோயை எப்படி எதிர்த்துச்சுன்னு நான் எழுதறது?"

சண்டைக்கே போகாதவனுக்கு வீரப் பதக்கம் உண்டா என்று கேட்டார். சர்க்கார் தோட்டத்தில் அழுகியும் உயிர் தப்பிய பதினோரு செடிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டதாம். பஸ் ஏறும்போது மனசு கேட்காமல், எப்படியாவது கொஞ்சம் நோய் வரவழைக்கப் பாரும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் அவள் வெந்த கைகளைத் திருப்பியனுப்பினாள். பதினோராம் நாள் குடத்தை எடுத்தாள். காலையும் மாலையும் ஊற்றினாள். மூன்றாம் வாரம் மேடெல்லாம் நாறியது. தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு செடியாகச் சாயும்போதும் மஹ்பூபி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஒன்பது மிஞ்சின. பரந்தாமன் மகிழ்ந்து, ஒன்பதுக்கும் முத்திரை குத்திய தகரச் சீட்டுக் கட்டினார். சீட்டுக் கட்டிய கற்றாழை வாசலில் தொங்கினால்தான் கௌரவம் என்று ஆம்பூர் பங்களாக்களில் அப்போது ஒரு மோகம் பரவியிருந்தது. ஒரே வாரத்தில் ஒன்பதும் ஒன்பது வாசல்களில் தலைகீழாகத் தொங்கின. அதில் ஒன்று பரந்தாமன் வாசல்.

மேட்டில் ஒன்றுமில்லை. மஹ்பூபி பாலாற்றங்கரையெல்லாம் அலைந்து, தானாய் முளைத்த கற்றாழை ஒரு கூடை கொண்டுவந்தாள். ஜெயிலுக்குப் போனாலும் சரி, கை வெந்தவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று துணிந்துவிட்டாள். முதலில் வந்தவன் தொட்டி வேலைக்காரன் கங்காதரன். இரண்டு கையும் தோலுரிந்து சிவந்திருந்தன.

கொழுகொழுவென்ற மடலை அவள் கீறப்போனபோது அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இதுல ஒரு அழுகலும் இல்லியே பாயம்மா. இத்த எப்படி நம்பிப் பூசறது?"

மஹ்பூபி மடலைக் கீழே போட்டு, குதிகாலால் நன்றாக நசுக்கி, சேற்றில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தாள்.

கங்காதரன் திருப்தியோடு கையை நீட்டினான்.