கண்டக்டர் அக்காவின் பார்லி

எங்கள் ஜோகுபாளையத்துக் கண்டக்டர் அக்கா, டிக்கெட் எடுக்கவில்லை என்றால் வெயிலைக்கூட நடுவழியில் இறக்கிவிடக்கூடிய மனுஷி. நகரப் பேருந்தில் வேலை. வீட்டுக்கு வந்தாலும் விசில் கழுத்தில்தான் தொங்கும். குழாயடியில் சண்டை வந்தால் ஒரு ஊதல். மாடு நடுத்தெருவில் நின்றால் இரண்டு ஊதல். மாடு நகர்ந்துவிடும். கண்ணால் கண்டவள் சொல்கிறேன்.

அந்த அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்: உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் பார்லித் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சின்ன ஆசையாகத்தான் தெரியும். ஆனால் நம் ஆட்களுக்கு பார்லி என்றால் என்ன? கால் வீங்கினால் பார்லி, நீர்க்கடுப்பு வந்தால் பார்லி. ஒரு வீட்டு அடுப்பில் அது கொதித்தால் பக்கத்து வீட்டில் குரல் தாழ்ந்துவிடும்: "பாவம், யாருக்கு?" அக்காவுக்கு இது பொறுக்காது. "காபி குடிச்சா யாருக்கு நோவுன்னு கேக்கறீங்களா? பார்லி குடிச்சா மட்டும் இன்னாத்துக்கு வார்டுல படுத்தவனைப் பாக்கற மாரி பாக்கறீங்க?"

அவர் பார்லி போடுவது ஒரு திருவிழா. சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய் எலுமிச்சையும் குடகு ஆரஞ்சும் முகர்ந்து முகர்ந்து பொறுக்குவார். "அக்கா, மூக்காலயே சாறு எடுத்துடாதீங்க" என்று கடைக்காரர் கெஞ்சுவார். பார்லியைக் கழுவி ஊறவைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு, மணிகள் மலர்ந்து குழையும்வரை கொதிக்கவிடுவார். வடிகட்டி, சூட்டோடு நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம் பாத்திரத்தை மூடிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிடுவார். முழுக்க ஆறும்வரை யாரும் பழத்தை நறுக்கக் கூடாது. கத்தியைத் தொட்டால் விசில்.

"சூட்டுல புளிப்பு விட்டா சண்டை. ஆறினப்புறம் விட்டா சம்பந்தம்."

பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றுபோனது. மீதியை ஊர் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அப்படிப் பொறுக்கிய வாசகங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

ஆறியதும் சாறு பிழிந்து, ஆரஞ்சுத் தோலை மெல்லத் துருவிப் போட்டு ஒரு டம்ளர் தருவார் பாருங்கள்! முதல் வாயில் வாசனை மூக்கில் ஏறும். அடுத்த வாயில் எலுமிச்சை நாக்கின் ஓரத்தைக் கிள்ளும். அதற்கப்புறம் பார்லி வந்து இரண்டையும் சமாதானப்படுத்தி, தோளில் கைபோட்டு, வயிற்றுக்குள் அழைத்துப் போகும். அப்போது வெளியே வெயில் அடிக்கிறதா என்று கேட்டால், எந்த வெயில் என்பீர்கள்.

என்னைப் பெண் பார்க்க வைட்ஃபீல்டிலிருந்து வந்தார்கள். பையனுக்கு ஐடி வேலை, பெற்றோர் ஆரணியிலிருந்து வந்து அவரோடு இருந்தார்கள். ஏற்கெனவே போனில் பேசியிருந்தோம். அவர் பேசும்போது இடையிடையே தானே சிரித்துக்கொள்வார். இந்தச் சிரிப்பு வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

டிராஃபிக்கில் வெந்து வந்தவர்களுக்கு, நான் காபியோடு வருமுன்பே, பக்கத்து வீட்டு உரிமையில் அக்கா பார்லியை நீட்டிவிட்டார். பையனின் அம்மா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லீங்களா?"

அக்காவுக்குப் பெருமை பொங்கியது. "சேச்சே! எல்லாம் நம்ம பொண்ணு குடிக்கறதுதான். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. ஒரு நாள் இது இல்லேன்னா முகமே வாடிப்பூடும்!"

அவ்வளவுதான். அந்த அம்மாவின் கண்ணில் என் சிறுநீரகம் இரண்டும் பழுதாவதை நான் நேரிலேயே பார்த்தேன். கேசரி அப்படியே இருந்தது. "ஊட்டுக்குப் போயி கலந்துக்கினு போன் பண்றோம்" என்று எழுந்தார்கள். பையன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

அப்பா கொதித்தார். "எம் பொண்ணை நோயாளின்னு நினைச்சுட்டாங்களா? இப்பவே போன் போட்டு நாலு கேள்வி கேக்கறேன்!"

அக்கா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் டிக்கெட் பையில் போட்டுக்கொண்டார். "அண்ணா, பாத்திரம் இப்பத்தான் எறங்கியிருக்கு. இப்ப பிழிஞ்சீங்கன்னா கசக்கும். ஆறட்டும்."

"நீ வாயைத் தொறந்ததாலதான் எல்லாம்!"

"தொறந்த வாய் நான்தானே மூடணும்."

அடுத்து வந்த வார விடுப்பில் அக்கா இரண்டு கேன் பார்லியோடு மெட்ரோ ஏறினார். அங்கே நடந்ததைப் பின்னால் என் கணவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி கேட்டாராம், "யாவ ப்ளாக், மேடம்?" "எல்லா ப்ளாக்கும்" என்று அவருக்கே முதல் டம்ளரை நீட்டியிருக்கிறார். செக்யூரிட்டி குடித்துவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு ஒருவர் மீட்டிங்கில் பேசியபடியே வந்தார். கூட்டம் நெருக்கியதும் அக்கா விசிலை ஊதினார். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி! முன்னாடி போங்க! குடிச்சவங்க எறங்குங்க, குடிக்காதவங்க ஏறுங்க!"

கறிவேப்பிலை வாங்க இறங்கிய பையனின் அம்மா, வரிசையைப் பார்த்தால் நிற்கிற நம் வழக்கப்படி, என்ன ஏது என்று கேளாமல் தானும் நின்றார். குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "இன்னொண்ணு கெடைக்குமாங்க?" என்று நிமிர்ந்தவர் திகைத்துப் போனார்.

"நீங்களா?"

"நானேதாம்மா. இதுல நிக்கறவங்கள்ல யாருக்கு உடம்பு சரியில்லேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அந்த அம்மா வரிசையைப் பார்த்தார். பேட்டோடு குதிக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து மகனுக்கு வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும்.

"வாசனையா கீதே, இன்னா போட்டீங்க?"

"அதை எங்க பொண்ணுகிட்ட வந்து கேளுங்க."

வந்து கேட்டார்கள். எங்கள் கல்யாண மண்டப வாசலில் பன்னீருக்குப் பக்கத்தில் பார்லி அண்டா நின்றது. பக்கத்தில் விசிலோடு அக்கா. இரண்டு வீட்டாரிலும் ஒருவர்கூட நோயாளி இல்லை என்று அன்றைக்கு அவர் நிரூபித்துவிட்டார்.

போன மாதம் அக்காவைக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் விடியற்காலையிலேயே எழுந்து, அவர் பக்குவம் பிசகாமல் பார்லி வைத்து, ஆறவிட்டு, பிழிந்து எடுத்துக்கொண்டு ஓடினேன். கட்டிலில் அக்கா பாதியாய்க் கிடந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"இன்னாடி அது?"

"பார்லிக்கா."

அந்தச் சோர்விலும் முகம் சிவந்தது. "இத்தினி வருசமா தொண்டை கிழியக் கத்தினேனே! நோயாளிக்கு எடுத்தாந்து பார்லி குடுக்கறியே, பாக்கறவன் இன்னா நெனைப்பான்? எனக்கு ஒரு காபி வாங்கியா."

"இதை என்னக்கா பண்றது?"

"உனக்கு உடம்பு நல்லாத்தானே கீது? நீ குடி."

அவர் எதிரிலேயே குடித்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆற வெச்சுத்தானே பிழிஞ்சே?"

"ஆற வெச்சுத்தான்க்கா."

விசிலை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினேன். வாயில் வைத்துப் பார்த்தார். மூச்சு போதவில்லை.

"சீக்கிரம் வந்துடுங்கக்கா" என்றேன். "மாடு இன்னும் நடுத்தெருவுலயேதான் நிக்குது."