ஈரக் கழிவு போக மிச்ச நாய்

வளர்ப்பு நாய்கள் ஆரோக்கியமான நிறையில் இருப்பதை உறுதிப்படுத்துமாறு சுற்றறிக்கை வந்தது. கனகராயன்குளத்துக்கு அப்பால் இருந்த அந்தச் சிற்றூரில், "நிறை சரி" அட்டை இல்லாத நாயைக் கூண்டு வண்டி ஏற்றிப்போகும் என்றார்கள்.

பத்மாசனி பதறவில்லை. அறுவடைக்கு நின்ற அவளுடைய இரண்டு ஏக்கர் நெல்லைப் பன்றியிடமிருந்து காத்தது நாய் ஜிம்மிதான். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்கும்; தடவினால் விலா கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. மாடு பார்க்க வந்த மிருக வைத்தியரே மெச்சிய உடம்பு.

ஊரில் இருந்த ஒரே தராசு நெல் வாங்கும் களஞ்சியத்தில். உத்தியோகத்தர் செந்தூரன் ஜிம்மியைச் சாக்கில் இறக்கி நிறுத்தார்.

"பதினெட்டு கிலோ. சாக்குக்கு ஒண்டு, ஈரத்துக்கு ரெண்டு கழிவு. பதினைஞ்சு."

"தம்பி, இது நாய்."

"நெல்லோ நாயோ, தராசிலை ஏறினால் கழிவு இருக்கு, அக்கா. குளத்திலை குளிச்சுத்தானே வந்தது?"

"விலாவைத் தடவிப் பாருங்கோவன்."

"தடவ எனக்கு அதிகாரமில்லை. படிவத்திலை ஆகக் குறைஞ்சது பதினெட்டு. ரெண்டு கிழமை தவணை தாறன்."

பத்மாசனி சோறும் தயிரும் நெத்தலியும் போட்டாள். ஜிம்மி இருபத்தொன்றைத் தொட்டது. கழிவு போகப் பதினெட்டு. இடுப்பு இருந்த இடத்தில் பூசணிக்காய் இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது.

"என்ன போட்டனீங்கள்?" என்று அயலவர் கேட்டுப் போனார்கள். பத்து நாளில் ஊர் நாய்கள் எல்லாம் உருண்டன. அட்டையோடு படம் எடுத்துப் பகிராத வீடில்லை.

பிறகு பன்றிகள் வந்தன. நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன, திரும்பப் படுத்தன. விடிந்தபோது பத்மாசனியின் வயலில் பாதி இல்லை.

நட்டஈட்டுக்குச் சேதம் பதிய வந்தவரும் செந்தூரன்தான்.

"நாய் இருக்கோ?"

"ஓம்."

"அட்டை?"

காட்டினாள்.

"ஆரோக்கியமான நாய் நிக்கிற வயலுக்குள்ளை பன்றி வராது, அக்கா. வந்தது எண்டால் நாய்க்குச் சுகமில்லை. அட்டையை ரத்துச்செய்து வண்டிக்குச் சொல்லவோ?"

பத்மாசனி ஜிம்மியைப் பார்த்தாள். அது எழும்ப முயன்று, பிறகு யோசித்து, வாலை மட்டும் ஆட்டியது.

"பன்றி வரேல்லை, தம்பி," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள்.

பேனையை வாங்க அவளுக்குப் பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். ஒருவருடைய வயலிலும் பன்றி வரவில்லை.