கூமுட்டைக் கல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தானும் நலம். வீட்டில் உள்ள கற்களும் பரம சௌக்கியம். அங்கு நீயும் உன் வீட்டுக்காரியும் அப்படியே இருக்க வேண்டும். மின்விசிறிக் காற்றில் தாள் பறப்பதால் அத்தானின் கல் ஒன்றை அதன் தலையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் கற்களால் எனக்குக் கிடைத்த உபயோகம் இது ஒன்றுதான்.

விஷயம் என்னவென்றால், அத்தான் உன்னிடம் கான்கிரீட் உடைக்கும் மெஷினைக் கேட்டு வருவார். கொடுத்துவிடாதே. கொல்லையில் நீ போட்டுக் கொடுத்த சிமெண்டுப் பாதையை உடைக்கத்தான் கேட்கிறார். சேற்றில் கால் வைக்காமல் துணி காயப்போட நான் எத்தனை வருஷம் தவம் கிடந்தேன் என்று உனக்கே தெரியும்.

எல்லாம் அவர் ஓய்வு பெற்ற அன்று நீ வாங்கிக் கொடுத்த பூதக்கண்ணாடியால் வந்த வினை. ஆற்றங்கரையில் பொறுக்கிய கல்லையெல்லாம் அகேட் என்கிற மணிக்கல்லா இல்லையா என்று பார்க்க ஆரம்பித்தார். பார்ப்பதும் எப்படி? முட்டைப் பண்ணையில் காலமெல்லாம் கெட்ட முட்டை கழித்த மாதிரியேதான். விளக்குக்கு முன்னால் பிடிப்பார். வெளிச்சம் ஊடுருவி வரி வரியாகத் தெரிந்தால் அகேட், அலமாரிக்குப் போகும். என் பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் போகும். ஒரு கல்லில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறதே என்று நல்ல மனசோடு பிரஷ் போட்டுத் தேய்த்தேன். "பாசி வெளிய இல்லடி, கல்லுக்குள்ள. அது பாசியும் இல்ல, தாது" என்றார். நான் கை வலிக்கத் தேய்த்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்கிறார்!

போன வாரம் கல் பட்டறைக்காரர் ஒருவர், "ஆட்டினா உள்ள தண்ணி தளும்புற அகேட் கெடைச்சா விட்டுடாதீங்க, ரொம்ப அபூர்வம்" என்றாராம். வீட்டுக்கு வந்த அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படி ஒண்ணு கெடைச்சுதே! காதுகிட்ட ஆட்டினேன், களக்களக்குன்னுது. கூமுட்டைன்னு கழிச்ச வாளியில போட்டுட்டேன்."

"கல்லு எப்படிங்க அழுகும்?"

"பழக்கதோஷம்!"

பிறகு பாடம் ஆரம்பித்தது. எரிமலைக் குழம்பு ஆறும்போது காற்றுக் குமிழி மாட்டிப் பொந்து விழுமாம். தாது கரைந்த தண்ணீர் அதில் கசிந்து, சுவரிலிருந்து உள்நோக்கி வரி வரியாகப் படியுமாம். கடைசியில் வழி அடைத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே நின்றுவிட்டால் அதுதான் அந்தக் கல்லாம். "மனுஷன் பொறக்கறதுக்கு முன்னாடி உள்ள போன தண்ணிடி" என்று சொல்லிக் காலி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நீ கலவை போட்ட அன்று அந்த வாளியை ஜல்லியோடு ஜல்லியாகக் கவிழ்த்தவள் நானல்லவா!

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பாதையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்கிறார். பக்கத்து வீட்டம்மா, "டாக்டரக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேவிட்டாள். இன்று காலை பேரம் பேசினார்: "பாதைய உடைக்க விடு, இனிமே துணி துவைக்கிறது, காயப்போடுறது எல்லாம் நான்." உடனே துவைக்கும் வேலையில் இறங்கியும்விட்டார். நான் மசிய மாட்டேன், நீயும் மசியாதே. மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடு.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் வாழ ஆசீர்வதிக்கும்,
அக்கா

பின்குறிப்பு: தாளை மடிக்க மேலே இருந்த கல்லை எடுத்தேன். களக்கென்றது. வாளியைக் கவிழ்க்கும் முன், வழவழவென்று இருக்கிறதே என்று நான் எடுத்து வைத்த கல் இது. திரும்பத் திரும்ப ஆட்டிக் கேட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மெஷின் பேச்சை விடு. இதை அவர் காதில் வைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. இப்போதே கொல்லைக்கு ஓடியிருப்பேன். ஆனால் படுக்கை விரிப்பெல்லாம் ஊற வைத்திருக்கிறார். அதை மட்டும் அலசிக் காயப்போட்டுவிடட்டும்.