பெருக்கியவனுக்கே ஹால்

"கோட்டைத் தாண்டாத" என்றான் பாஸ்கர்.

ராகவேந்திரா தூக்கிய காலை அப்படியே நிறுத்தினான். குளித்துவிட்டு இடுப்புத் துண்டோடு பாசேஜிலிருந்து ஹாலுக்குள் நுழையப் போனவனுக்கு முன்னால், தரையில் குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு அப்பால் தரை பளிச்சென்று தெரிந்தது. புனேயில், கோந்த்வாவில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த நாளாக அவன் அந்தத் தரையைப் பார்த்ததில்லை. பழைய செய்தித்தாளையும் பீட்சா அட்டையையும்தான் பார்த்திருக்கிறான். அது பச்சைப் புள்ளி போட்ட மொசைக் என்பதே இப்போதுதான் தெரிந்தது. நடுவில் நாற்காலி போட்டு, மடியில் துடைப்பத்துடன் பாஸ்கர் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா கூத்து இது?"

"காலைல எந்திரிச்சு ஹாலைப் பெருக்கித் தொடச்சேன். அதனால ஹாலு எனக்கு. நீதானல நேத்து சொன்ன?"

சொன்னது வாஸ்தவம்தான். முந்தின நாள் சாப்பிடும்போது, மூன்றாவது அறைவாசியான அம்பி தயிர்சாதத்தைப் பிசைந்தபடி ஒரு சந்தேகம் கேட்டான். ஆளுக்கொரு அறைக்கு வாடகை தருகிறோம், சரி. இந்த ஹால் யாருக்குச் சொந்தம்? அம்பிக்கு அரசியல், பொருளாதாரம் இரண்டும் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவனே கேட்டுவிட்டானே என்ற பூரிப்பில் ராகவேந்திரா சோறு ஆறும்வரை விளக்கினான். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றில் யார் முதலில் தன் உழைப்பைச் செலுத்துகிறானோ அது அவனுடையது. உழுதவனுக்கே நிலம். வீட்டுக்காரர் என்று ஒருவர் நாக்பூரில் உயிரோடு இருப்பதை அவன் அப்போது வசதியாக மறந்துவிட்டான்.

ராகவேந்திரா, பாஸ்கர் இரண்டு பேரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கராடியில் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தடுத்த இருக்கைக்காரர்கள். அரசாங்கம் என்றால் இருவருக்கும் ஆகாது. ரயில், பள்ளிக்கூடம், ரேஷன், தபால் எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிட வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே வாய். ஆனால் போலீஸும் கோர்ட்டும் ராணுவமும் மட்டும் அரசாங்கத்திடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பான் ராகவேந்திரா. அதுவும் எதற்கு என்பான் பாஸ்கர்; பிடித்த கடையில் சட்டை வாங்குகிற மாதிரி, பிடித்த கம்பெனியிடம் போலீஸையும் கோர்ட்டையும் வாங்கிக்கொண்டால் போயிற்று. ரூபாய்க்குத் தொண்ணூற்றொன்பது பைசா ஒத்துப்போன இருவரும் மீதி ஒரு பைசாவுக்காக, உலகம் பூராவும் நாற்பது பேர் மட்டுமே படிக்கிற ஒரு மின்னஞ்சல் குழுவில் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். எதிரியை மன்னித்தாலும் மன்னிப்பான், பங்காளியை எவன் மன்னிப்பான்?

"டேய், நாளைக்கு அவா வரா. ஹால் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்றான் ராகவேந்திரா.

அவா என்பது பத்மநாபன், அவர் மனைவி நீலா, மகள் ஸ்நேஹா. ராகவேந்திராவுக்கு ஸ்நேஹாவைப் பிடித்துவிட்டது. ஒருமுறை அவர்கள் வீட்டில் பார்த்தான். பிறகு போனில் பேசினான்; அவள் கூப்பிட்டால் பாதி நாள் போனை எடுப்பது அம்பி. பேசியதெல்லாம் சொத்துரிமை பற்றித்தான். அதைக் கொட்டாவி விடாமல் கேட்ட முதல் பெண் அவள். அன்றிலிருந்து பையனுக்குத் தூக்கம் போயிற்று. ஜாதகம் பொருந்திவிட்டது, சம்பளமும் பொருந்திவிட்டது. ஆனால் பத்மநாபன் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர். பையன் குடியிருக்கிற வீட்டைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டார். இதற்கு முன் வந்த சிஞ்ச்வட் பையனை, அவன் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வேண்டாமென்று சொன்னவர்.

அதெல்லாம் பாஸ்கருக்கும் தெரியும். ஹாலைத் தரத் தயாராகத்தான் இருந்தான். காசு வேண்டாமாம்.

"குரூப்புல ஒரு வரி எழுது. அரசாங்கமே வேண்டாம், பாஸ்கர் சொன்னதுதான் சரின்னு. ஹாலை உனக்கே தாரேன்."

அதற்குப் பதில் மூக்கை அறுத்துத் தரச் சொல்லியிருக்கலாம். ராகவேந்திரா உள்ளே போய் வாளியும் சோப்புத்தூளும் எடுத்துவந்தான். ஹாலை விட்டால் பாசேஜ். பாசேஜைத் தாண்டித்தான் அறைகள், சமையலறை, குளியலறை எல்லாம். மண்டியிட்டுத் தேய்த்தான். கால்தடங்கள் போய், அதற்கு அடியில் இருந்த கால்தடங்களும் போய், முகம் தெரிகிற அளவுக்குத் தரை மின்னியது. தன் பங்குக்கு அவனும் ஒரு கோடு போட்டான்.

"இது என்னோடது. இனிமே நீ பாத்ரூம் போற வழியைப் பார்க்கறேன்."

பாஸ்கர் அசரவில்லை. எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் இஸ்மாயில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, கையோடு ஆசிட் பாட்டிலும் இரண்டு முக்காலியும் வாங்கிவந்தான். இஸ்மாயில் வாணியம்பாடிக்காரர், போசரியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். கேட்டால் எதையும் கொடுப்பார். பாஸ்கர் ஒரு முக்காலியில் ஏறி, அடுத்ததை முன்னால் வைத்து, அதற்குத் தாவி, பாசேஜ் தரையில் கால் படாமலே குளியலறை போய்ச் சேர்ந்தான். முக்காலியின் கால்கள் தரையைத் தொட்டனவே என்று ராகவேந்திரா கத்தியதற்கு, முக்காலி இஸ்மாயிலுடையது, வழக்கு இருந்தால் அவரோடு வைத்துக்கொள் என்று பதில் வந்தது. பிறகு உள்ளேயிருந்து தேய்க்கிற சத்தம் கேட்டது. சாயங்காலம் கதவு திறந்தபோது குளியலறை ஓடுகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறியிருந்தன. வாசலில் இன்னொரு கோடு.

ராகவேந்திராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விட்டால் இவன் வீடு முழுக்கப் பிடித்துவிடுவான் என்று சமையலறைக்குள் பாய்ந்தான். அடுப்பைச் சுரண்டினான், ஜன்னலில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கத்தியால் வழித்தான், போன தீபாவளி லட்டு ஒன்றைக் கண்டெடுத்து அடக்கம் செய்தான். அதைப் பார்த்து பாஸ்கர் ஹாலில் மின்விசிறியைத் துடைத்தான். இவன் அலமாரி என்றால் அவன் திரைச்சீலை.

பிள்ளையார் பிடிக்கப் போய் எது வந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஆனால் ஒருவனாலும் வாழ முடியவில்லை. ராகவேந்திராவுக்குக் குளியலறை கிடையாது. வாசல் கதவு ஹாலில் இருந்ததால் வீட்டை விட்டு வெளியே போகவும் வழி கிடையாது. பாஸ்கருக்கு வெளியுலகம் உண்டு, சோறு கிடையாது, படுக்கையும் கிடையாது. அம்பிக்கு மட்டும் இரு தரப்பும் போட்டி போட்டு அனுமதி கொடுத்திருந்தன. அவன் ஹாலில் டிவி பார்த்தான், சமையலறையில் உப்புமா சாப்பிட்டான், பளபளக்கிற குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

கடைசியில் ராகவேந்திரா அம்பியை நீதிபதியாக்கினான். இருவருக்கும் பொதுவாக ஒரு கோர்ட்டு வேண்டும், இதைத்தானே நான் இரண்டு வருடமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேன் என்றான். அம்பி வாயைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலம் மட்டும் ஹால் ராகவேந்திராவுக்கு என்று தீர்ப்புச் சொன்னான். ஒரே ஒரு கோர்ட்டு என்றால் அது ஏகபோகம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று பாஸ்கர் இஸ்மாயிலைக் கூட்டிவந்தான். அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, பெருக்கினவர்தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு தீர்ப்பு. எது செல்லும் என்று சொல்ல மூன்றாவதாக ஒரு கோர்ட்டு வேண்டும். அதை யார் நியமிப்பது என்பதில் மத்தியானம் போய்விட்டது.

அதற்குமேல் ராகவேந்திராவால் முடியவில்லை. ஸ்நேஹாவை நினைத்தபோது கண் கலங்கியது. கொள்கையாவது மண்ணாவது.

"சரிடா. அரசாங்கமே வேண்டாம்னு எழுதித் தொலைக்கறேன். ஹாலைக் குடு."

"முதல்ல எழுது."

"கம்ப்யூட்டர் ஹால்ல இருக்கே."

பாஸ்கர் யோசித்தான். "எழுதின பிறகுதான் ஹாலுக்குள்ள விட முடியும். அதுதான ஒப்பந்தம்" என்றான் வருத்தத்துடன்.

அப்போது வாசல் மணி அடித்தது.

அம்பி போய்க் கதவைத் திறந்தான். பத்மநாபன் முன்னால் வர, பின்னால் நீலாவும் ஸ்நேஹாவும். பாஸ்கர் கைகூப்பி, மூவரும் தன் விருந்தாளிகள், தாராளமாக உட்காரலாம் என்று வரவேற்றான். நாற்காலி போட்டான், மின்விசிறியைச் சுழலவிட்டான். அவர்கள் பார்க்க வந்த மாப்பிள்ளை மட்டும், குளிக்காத உடம்பில் சலவைச் சட்டையோடு, பாசேஜில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, அங்கிருந்தே குனிந்து நமஸ்காரம் செய்தான்.

"உள்ள வாங்கோ மாப்பிள்ளை. ஏன் அங்கயே நிக்கறேள்?"

"அவன் வரக்கூடாது சார். இது நான் பெருக்குன எடம்" என்றான் பாஸ்கர்.

பத்மநாபனின் புருவம் ஏறியது. எழுந்து கோட்டைப் பார்த்தார். தாண்டினார். இன்ஸ்பெக்‌ஷன் தொடங்கிவிட்டது. சமையலறையில் விரலால் ஜன்னல் விளிம்பைத் தடவி, விரலைப் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இதை யார் தேய்ச்சது?"

"நான்தான்" என்றான் பாஸ்கர் ஹாலிலிருந்து. ராகவேந்திராவுக்கு உயிரே போயிற்று. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. சமையலறை மட்டும் தன்னுடையது, பாசேஜும் தன்னுடையது என்று முனகினான். சுவிட்ச் போர்டும் தான்தான் துடைத்தேன் என்று சேர்த்துச் சொன்னான். சுவிட்ச் போர்டு ஹால் சுவரில் இருக்கிறது, அதைத் துடைத்தது நான் என்றான் பாஸ்கர். இல்லை, முதல் ஈரத்துணி வைத்தது நான், நீ வெறும் காய்ந்த துணியால்தான் துடைத்தாய் என்றான் இவன். பெண் வீட்டார் நிற்கிறார்கள் என்பது இருவருக்கும் மறந்துபோனது. குரல் உயர்ந்தது. கோட்டின் இரு பக்கமும் நின்று ஒருவன் துடைப்பத்தையும் ஒருவன் வாளியையும் ஆட்டினார்கள். நீலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்மநாபன் கையைத் தூக்கினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று ராகவேந்திரா கண்ணை மூடிக்கொண்டான்.

"முப்பது வருஷமா எங்காத்துல ஜாடு-போச்சா சண்டைதான். நீ பெருக்கு, நீ தொடைன்னு. நாலு பசங்க இருக்கற ஆத்தை எல்லாம் பார்த்துட்டேன், அங்கயும் அதே சண்டைதான்" என்றார். "நான்தான் பெருக்கினேன், நான்தான் தேய்ச்சேன்னு அடிச்சுக்கற பசங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன். நீலா, எனக்குச் சம்மதம்."

ராகவேந்திரா கண்ணைத் திறந்தான். பாஸ்கர் கொள்கை தவறாமல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டி, அவன் கையைக் குலுக்கி, நிஜமான சந்தோஷத்துடன் வாழ்த்துச் சொன்னான். இஸ்மாயில் சர்க்கரை எடுத்துவரத் தன் வீட்டுக்கு ஓடினார்.

பிள்ளைகள் இரண்டு நிமிடம் தனியாகப் பேசட்டும் என்றாள் நீலா. ராகவேந்திரா தன் பாசேஜ் வழியாகவே ஸ்நேஹாவைக் கூட்டிக்கொண்டு, அதன் கோடியில் இருந்த பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேசுவதற்கு ஆயிரம் இருந்தும் வாயில் வந்தது அதுதான்.

"பார்த்தேளா ஸ்நேஹா? யாரும் உத்தரவு போடலை. யாரும் திட்டம் போடலை. அவாவா தன்னோட சுயநலத்துக்குப் பாடுபட்டோம், வீடு தானா சுத்தமாச்சு. மேல உக்காந்து ஒருத்தர் நடத்தணும்னு அவசியமே இல்லை. இதைத்தான் நான் உங்ககிட்ட போன்ல சொல்லிண்டே இருந்தேன்."

ஸ்நேஹா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பால்கனியில் புறா எச்சம் இல்லாத இடமாகத் தேடினாள். ஒரு செருப்பு வைக்கிற அளவுக்குக்கூட இடம் இல்லை.

"ஸாரி" என்றாள் தன் புனேத் தமிழில். "ஹால் யாருக்குச் சொந்தம்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்கன்னு வியாழக்கிழமை அம்பிக்கு போன்ல சொன்னேன் இல்ல, அப்போ பால்கனி சேர்க்க மறந்துட்டேன்."